எஞ்சின் மாற்றிய சரக்கு வண்டி கிளம்பாததேன்?

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், செங்கற்பட்டுக்குச் சற்று வடக்கே சிங்கப்பெருமாள் கோவில் இருக்கிறது. குடைவரைக் கோயிலில் எழுந்தருளியுள்ள நரசிம்மரால் பெயர் பெற்ற இவ்வூரிலிருந்து, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு சாலை பிரிகிறது. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டில் பெரிய கார் தொழிற்சாலை ஒன்றும், 2012-ஆம் ஆண்டில் லாரித் தொழிற்சாலை ஒன்றும் திறக்கப்பட்டன. புது வண்டிகளை ஏற்றிய நீண்ட லாரிகள் செல்லும் இதே சாலையில்தான், நம் விவசாயிகளின் கத்தரியையும் கீரையையும் பாலையும் வைக்கோலையும் சுமந்துகொண்டு பிக்-அப் என்னும் சிறு சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன.

இவ்வண்டிகள் இன்று கிராமத்தின் கைகால்கள். பல ஆண்டுகள் பாரம் சுமந்து எஞ்சின் தேய்ந்துவிட்டால், வண்டியை விற்க மனமின்றி, வேறு எஞ்சினை வாங்கிப் பொருத்துவது வழக்கம். பொருத்தி முடித்துச் சாவியைத் திருப்பும்போது வண்டி கிளம்ப மறுத்தால், உரிமையாளர் மனம் கலங்குவது இயல்பே. ‘வாங்கிய எஞ்சினே பழுது’ என்று முடிவு கட்டி அதைத் திரும்பக் கழற்றுவோர் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் புது உறுப்புகளை வாங்கிக் கடன்படுவோரும் உண்டு. ஆனால், பழைய வண்டியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒன்று இடம் மாறியதும் கிளம்பவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் எஞ்சினுக்குள் இராது. கழற்றி மாட்டிய இணைப்புகளில்தான் இருக்கும். முறையாகத் தேடினால் அதைக் கண்டுபிடிக்கலாம். அம்முறையை இங்கு ஆராய்வோம்.

முதலில் கவனிக்க வேண்டியவை

சாவியைத் தொடுமுன் எஞ்சின் ஆயிலும் ரேடியேட்டர் நீரும் உரிய அளவில் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்றினால் நல்லது. ஓரிடத்தில் இறுகி நின்றால், பலவந்தம் செய்யலாகாது. சிலிண்டருக்குள் நீரோ டீசலோ தேங்கியிருக்கலாம். அல்லது டைமிங் பெல்ட்டின் அடையாளங்கள் பொருந்தாமல் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டிருக்கலாம். இந்நிலையில் செல்ப் மோட்டாரை இயக்குவது, நல்ல எஞ்சினை நம் கையாலேயே உடைப்பதாகும்.

கையால் சுற்ற முடிந்த பிறகு சாவியைத் திருப்புங்கள். வண்டி காட்டும் குறி நான்கு வகைப்படும்: எஞ்சின் அசையவே இல்லை; மெதுவாகச் சுற்றுகிறது; வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை; பற்றி உடனே அணைந்துவிடுகிறது. இந்நான்கில் எது என்று தெளிந்தாலே, பாதி வேலை முடிந்துவிடும்.

அசையாத எஞ்சினும் மெதுவாகச் சுற்றும் எஞ்சினும்

இவ்விரண்டும் மின்சாரக் குறைகள். நன்றாக மின்னேற்றிய 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால், வேறெதையும் ஆராயாமல் முதலில் மின்னேற்றுங்கள். எஞ்சின் வேலை நடந்த நாட்களில் பாட்டரி சும்மா கிடந்து வலுவிழந்திருக்கும் என்பதை மறக்கலாகாது.

பாட்டரி நன்றாக இருந்தும் ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குற்றம் இதுவே. அதன் காரணம் எளியது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினிலிருந்து சேஸிசுக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மின்சாரம் திரும்பிச் செல்லத் தனியாக ஒரு தடித்த கம்பி வேண்டும். எஞ்சினை இறக்கும்போது கழற்றிய அக்கம்பியை மாட்ட மறப்பதும், பெயிண்ட் பூசிய இடத்தின்மேல் முடுக்குவதும் சாதாரணமாக நிகழ்பவை. முகப்பு விளக்கு பளிச்சென்று எரியும். செல்ப் மட்டும் சுற்றாது. விளக்குக்குச் சிறிதளவு மின்சாரம் போதும். செல்புக்கோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும்.

இதைச் சோதிப்பது எளிது. பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினின் வெறும் இரும்புப் பகுதிக்கு ஜம்பர் கேபிள் ஒன்றை நேராக இணைத்துச் சாவியைத் திருப்புங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் குற்றம் எர்த்தில்தான். மீட்டர் வைத்திருப்போர், செல்ப் இயங்கும்போது எஞ்சினுக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். ‘டக்’ என்ற ஒலியும் இல்லையெனில், செல்ப் சொலினாய்டுக்கு வரும் சிறிய ஒயர், பியூஸ், ரிலே ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

மெதுவாகச் சுற்றும் டீசல் எஞ்சின் ஏன் பற்றுவதில்லை? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தாலேயே டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்று கசிந்து, வெப்பமும் ஆறிவிடும். ஆகவே முதலில் சுற்றும் வேகத்தைச் சரிசெய்யுங்கள். பிறகே டீசலைப் பற்றி ஆராயுங்கள்.

வேகமாகச் சுற்றியும் பற்றாத எஞ்சின்

இங்கே புகைக் குழாயைக் கவனியுங்கள். செல்ப் சுற்றும்போது வெண்புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அப்போது ஹீட்டர் பிளக், டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றை நோக்க வேண்டும். புகையே இல்லையெனில், டீசல் சிலிண்டரை எட்டவில்லை.

டீசல் எட்டாமைக்கு முதற்காரணம் குழாயில் புகுந்த காற்று. எஞ்சினைக் கழற்றியபோது பில்டரும் குழாய்களும் காலியாகிவிடுகின்றன. பில்டரின் மேலுள்ள கைப்பம்பை, குமிழிகள் நின்று பம்ப் இறுகும் வரை அழுத்தி ஏர் எடுக்க வேண்டும். டீசல் வரும் குழாயும் டாங்குக்குத் திரும்பும் குழாயும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சின்களில், இன்ஜெக்டர் நட்டைச் சற்றுத் தளர்த்தி ஏர் எடுப்பது பழக்கம். காமன் ரெயில் எஞ்சினில் அப்படிச் செய்யவே கூடாது. லாரி டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய 8 பார். காமன் ரெயில் குழாயிலோ, கிளம்பும்போதே 200 பாருக்கு மேலும், ஓடும்போது 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் உண்டு. அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். அத்தகைய காயம் பார்ப்பதற்குச் சிறிதாயினும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாகும்.

மெக்கானிக்கல் பம்பில் டீசலை நிறுத்தும் சொலினாய்டு ஒன்று உண்டு. அதன் ஒயர் மாட்டப்படாவிட்டால் டீசல் வராது. காமன் ரெயில் வண்டியில், எஞ்சின் சுற்றுவதை அறிவிக்கும் கிராங்க் சென்சாரே கண் போன்றது. அதன் பிளக் விட்டுப்போனாலும், வேறு மாடலின் பிளைவீலைப் பொருத்தியதால் அடையாளப் பற்கள் மாறினாலும், கம்ப்யூட்டர் பெட்டி டீசல் தெளிக்கக் கட்டளையிடாது. செல்ப் சுற்றும்போது சுற்று வேகமானியின் முள் சிறிதும் அசையாவிடில், பல வண்டிகளில் அது இச்சென்சாரைச் சுட்டும் குறியாகும்.

நமது நாட்டில் 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ். 4 விதியும், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதியும் நடைமுறைக்கு வந்தன. ஒரே பெயருள்ள வண்டியாயினும், விதி மாறும்போது சென்சார்களும் ஒயரிங்கும் மாறியுள்ளன. எனவே எஞ்சினை வாங்குமுன், அது எந்த விதிக்குரியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

பற்றி உடனே அணையும் எஞ்சின்

ஏர் இன்னும் எஞ்சியிருந்தாலும், டாங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இவ்வாறு நேரும். மற்றொரு காரணம் திருட்டுத் தடுப்புக் கருவி. சாவியும் கம்ப்யூட்டர் பெட்டியும் ஒன்றையொன்று அறிந்த ஜோடிகள். வேறு வண்டியின் பெட்டியை எஞ்சினோடு சேர்த்துப் பொருத்தினால், அது நம் சாவியை ஏற்காது. மீட்டர் பலகையில் சாவி போன்ற விளக்கு மின்னினால் இதை ஐயுறலாம். எஞ்சின் ஒத்த வகையாயின், நம் வண்டியின் பழைய பெட்டியையே வைத்துக்கொள்வது நலம்.

செய்யத் தகாதவை

செல்பை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது வெடித்துப் பிஸ்டனைப் பிளந்துவிடும். டைமிங் சரியா என்று அறியாத எஞ்சினை டிராக்டரால் இழுத்துக் கிளப்ப முயலாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு உறுப்புகளை மாற்றாதீர்கள். எது குணமாக்கியது என்பதே தெரியாமற் போகும்.

சட்டமும் பஞ்சாயத்தும்

வண்டி கிளம்பியவுடன் கடமை தீர்ந்துவிடுவதில்லை. முன் அனுமதியின்றி எஞ்சினை மாற்றியிருந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். புது எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் ஏற வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு பெறுவதில் பெருந்தொல்லை நேரும். பழைய எஞ்சின் வாங்குவோர், எண் குறித்த ரசீது இல்லாமல் பணம் கொடுக்கலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு மல்டிமீட்டர், ஒரு சோதனை விளக்கு, ஒரு ஜோடி ஜம்பர் கேபிள், ஒரு ஸ்பானர் செட் ஆகியவை ஊருக்குப் பொதுவாக இருந்தால், எத்தனையோ வண்டிகள் பட்டறைக்கு இழுத்துச் செல்லப்படாமல் தப்பும். அரசினர் தொழிற் பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் படிப்பு நடைபெறுகிறது. பள்ளி முடித்த இளைஞர் ஒருவரையேனும் ஒவ்வோர் ஊரும் அதற்கு அனுப்பலாம். ஒரகடத்துத் தொழிற்சாலைகளைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அவற்றின் தொழில்நுட்ப அறிவில் ஒரு பகுதியேனும் நம் ஊர்த் தெருவுக்கு வரவேண்டும். பறித்த காய் வாடுமுன் சந்தை சேர, வண்டி மட்டும் போதாது. அதை அறிந்த கையும் ஊரில் வேண்டும்.