கணினிப் பாடம்: திரைமுக நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினி பயிலும் நம் பிள்ளைகள் புதிய இணையச் செயலி ஒன்றை எழுதத் தொடங்கியதும், எந்தத் திரைமுக நூலகத்தைக் கொள்வது என்ற கேள்வி எழும். பொத்தான், படிவம், பட்டியல் முதலியவற்றைத் திரையில் அமைத்து இயக்கத் துணைபுரியும் ஆயத்த நிரல்தொகுப்பே இந்நூலகம். உதாரணமாக, நம் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களின் நேரத்தைக் காட்டும் செயலியை எடுத்துக்கொள்வோம். மூன்று சோதனைகள் தேவை.

முதலாவது, எடை. சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில் இங்கு இயங்கத் தொடங்கியது. ஆயினும் அது கரையேறாத தீவுகளும் உண்டு. ரியாக்ட் நூலகம் சுருக்கிய நிலையிலும் பல பத்துக் கிலோபைட். ஏறக்குறைய அதே முறையில் எழுத உதவும் ப்ரியாக்ட் சுமார் 4 கிலோபைட்தான்.

இரண்டாவது, ஆயுள். 2010இல் வெளிவந்த ஆங்குலர்ஜேஎஸ் உலகெங்கும் பரவியது. 2021 இறுதியோடு கூகிள் அதன் பராமரிப்பை நிறுத்தியது. அதில் எழுதிய பலர் மீண்டும் எழுத நேர்ந்தது. ஆகவே, நூலகத்தைப் பராமரிப்பவர் யார் எனப் பாருங்கள்.

மூன்றாவது, தமிழ். ‘முன்பதிவு செய்க’ என்ற சொற்கள் பொத்தானுக்குள் அடங்குகின்றனவா? கீ, சூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் வெட்டுப்படாமல் தெரிகின்றனவா?

இறுதியாக ஒன்று. நகரத்து வேகத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இணைப்பின் வேகத்தைக் குறைத்துச் சோதிக்கும் வசதி உலாவியிலேயே உண்டு. திரை திறக்காவிட்டால், தொலைதூரத் தீவில் இருப்பவர் கப்பல் நேரம் தெரியாமல் ஜெட்டிவரை வந்து திரும்ப நேரும். அவருடைய பழைய கைப்பேசியில் திறப்பதே நமக்கு ஏற்ற நூலகம்.