தூரத்திலிருந்து லினக்ஸ் சர்வருக்குள் நுழைவது எப்படி?

அலுவலகத்திலோ பள்ளிக் கணினிக் கூடத்திலோ ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் அதில் வேலை செய்கிறார்கள். இத்தகைய கணினியை டெர்மினல் சர்வர் என்பார்கள். நிரல்கள் ஓடுவது அங்கே. நம் முன்னால் இருப்பது திரையும் விசைப்பலகையும்தான். சரி, ஜொகூர் பாருவில் வீட்டில் இருந்தபடி கோலாலம்பூரில் உள்ள சர்வருக்குள் நுழைய என்ன செய்வது?

முன்பெல்லாம் டெல்நெட் இருந்தது. அதில் கடவுச்சொல் உட்பட எல்லாமே தபால் அட்டையில் எழுதியது போல வெளிப்படையாகப் போகும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அங்கிருந்த ஆய்வாளர் தாத்து யுலோனென் அதற்கு மாற்றாக எழுதியதே எஸ்.எஸ்.எச். கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.யின் வாசல் எண் 21, டெல்நெட்டுக்கு 23. இடையில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கினார்.

தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. மேக், லினக்ஸ் கணினிகளில் அது ஏற்கெனவே உண்டு. விண்டோஸ் 10-இலும் 2018 முதல் சேர்ந்தே வருகிறது. கட்டளைத் திரையைத் திறந்து, எஸ்.எஸ்.எச். என்னும் மூன்று எழுத்துகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, பயனர் பெயர், @ குறி, சர்வரின் முகவரி மூன்றையும் சேர்த்து எழுதி என்டரை அழுத்துங்கள்.

முதல் முறை நுழையும்போது நீளமான எழுத்துக் கோவை ஒன்று தோன்றி, 'தொடரலாமா?' என்று கேட்கும். பெரும்பாலோர் படிக்காமலேயே 'யெஸ்' என்று தட்டிவிடுகிறார்கள். அந்தக் கோவை சர்வரின் கைரேகை. சர்வரைப் பராமரிப்பவரிடம் தொலைபேசியில் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். இல்லாவிட்டால், நடுவழியில் காத்திருக்கும் வேறொரு கணினியிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடக்கூடும். ஒப்புக்கொண்டதும் உங்கள் கணினி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். பிறிதொரு நாள் கைரேகை மாறிவிட்டது என்று எச்சரித்தால், சர்வரை யாராவது மறுபடி நிறுவியிருக்கலாம். யாராவது குறுக்கே நிற்கவும் கூடும். எது என்று தெரியும்வரை உள்ளே போகாதீர்கள். எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறதே என்று பழைய பதிவை அழிப்பவர்கள் உண்டு. பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது மாதிரிதான் அது!

கடவுச்சொல்லைவிடச் சாவிச் சோடி நல்லது. இரகசியச் சாவி உங்கள் கணினியை விட்டு நகராது. பொதுச் சாவியை மட்டும் சர்வரில் வைக்க வேண்டும். அது வேலை செய்வது உறுதியானதும் கடவுச்சொல் நுழைவை மூடிவிடலாம். மூடும்போது, திறந்திருக்கும் இணைப்பைத் துண்டிக்காமல் இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பாருங்கள். பிழை இருந்தால் திருத்துவதற்குப் பழைய இணைப்பு கைவசம் இருக்கும். இல்லையென்றால் கோலாலம்பூருக்குக் காரோட்டிப் போக வேண்டியதுதான்.

எழுத்துத் திரை போதாது, முழு டெஸ்க்டாப்பும் வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்2கோ பொருத்தம். எஸ்.எஸ்.எச். வழியாகவே திரையைச் சுருக்கி அனுப்பும். இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் பழகியவர்கள் சர்வரில் எக்ஸ்.ஆர்.டி.பி. நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதன் 3389 எண் வாசலை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். எஸ்.எஸ்.எச். சுரங்கப் பாதை வழியாக மட்டுமே அதை அடைய முடியும்படி அமையுங்கள்.