குடல் சுவரின் காவல் செல்கள்

வல்லம் ஒன்றியத்தில் எட்டாம் வகுப்பில் தடுப்பூசி பற்றிப் பேசினால், "போலியோவுக்கு ஏன் சார் வாயில சொட்டு? ஊசி போதாதா?" என்று எவரேனும் கேட்பர். போலியோ வைரஸ் பெருகும் இடம் குடல். சொட்டு மருந்து குடல் சுவரிலேயே எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. நாமோ வெள்ளை அணுக்களை இரத்தத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

குடல் சுவரின் காவல் செல்களை ஆய்வாளர்கள் சுண்டெலியில் இப்படிப் பிரிக்கின்றனர்: சிறுகுடலின் கொழுப்பையும் பேயர் திட்டுகளையும் நீக்கி, நீளவாக்கில் பிளந்து கழுவி, ஈடிடிஏ கரைசலில் குலுக்குவர். மேலடுக்குச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அதைப் பிடித்துக்கொள்ள, அடுக்கு உதிர்கிறது. அதனிடையே உள்ள டி செல்களும் கூடவே வந்துவிடும். எஞ்சிய திசுவைக் கொலாஜினேஸ் நொதி கரைக்கும். இங்குதான் பதம் முக்கியம்: நேரம் குறைந்தால் செல்கள் வெளிவரா, கூடினால் இறந்துவிடும். பிறகு வடிகட்டி, அடர்த்தி வேறுபட்ட இரு கரைசல்களில் சுழற்றினால், நமக்கு வேண்டிய செல்கள் இரண்டுக்கும் இடையில் வளையமாகத் தங்கும்.

வகுப்பறைக்கு எலி வேண்டாம். முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லைக் கொட்டச் சொல்லுங்கள். பதர் மிதக்கும், திரண்ட நெல் அடியில் தங்கும். விவசாய வீட்டுப் பிள்ளைகள் நமக்கே விளக்குவார்கள். நெல்லை மட்டும் நல்ல நீரில் அலசிவிட வேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணைச் சொட்டு நம் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்று 1970களிலேயே காட்டினார். ஒரே மருந்துக்கு எல்லாக் குடலும் ஏன் ஒரேபோல் பதிலளிப்பதில்லை? இக்கேள்வியை மாணவர்களிடம் விட்டுப் பாருங்கள்.