மட்டாஞ்சேரி மணிமாலையும் கர்க்கடக மழையும்

தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வரும் உறவுக்காரர்கள் மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலக்காயும் வாங்கிய கையோடு யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு மணிமாலையும் வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. கொஞ்ச நாளில் போன் வரும்: "அக்கா, அறுந்துபோச்சு", "கறுத்துப்போச்சு". கொச்சியை அடுத்த ஏலூரில் குடியிருக்கும் எங்களுக்கு இது பழகிவிட்டது. விசாரித்தால் மணியில் பெரும்பாலும் குறை இராது, நூலில் இருக்கும். இல்லையென்றால் கொக்கியில். கொச்சிக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் மணிகள் தப்பிவிட்டன. அவற்றைக் கோத்திருந்த நூல் மக்கிப்போனது. ஆகவே மாலை வாங்கும்போது கண் முதலில் நூலுக்குப் போகட்டும்.

1. ஏலூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ படகிலேயே போகலாம். படகு மாறி ஹைகோர்ட் துறைக்கு வந்து, அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி படகைப் பிடித்தால் பிறகு ஆட்டோ தூரம்தான். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை மூடல். சனிக்கிழமை 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் மூடல். வேடிக்கை பார்க்க வராமல் மாலை வாங்க மட்டும் வருபவர்களுக்கு அந்த இரண்டு நாளும் தோது. கூட்டம் குறைவாக இருந்தால் கடைக்காரர் நின்று பதில் சொல்வார்.

2. "இது யார் கோத்தது?" என்று கேளுங்கள். 2019-ல் மறைந்த கொச்சி யூதப் பெண்மணி சாரா கோஹன் தன் கையால் செய்த பூத்தையலை விற்ற தெரு ஜூ டவுன். இன்று அங்கே வடநாட்டிலிருந்து மூட்டையாக வந்திறங்கும் சரக்கும் உண்டு, வீட்டில் உட்கார்ந்து கோத்துக் கொண்டுவருபவர்களின் சரக்கும் உண்டு. இரண்டிலும் நல்லது கெட்டது இருக்கிறது. ஆனால் கோத்தவரே விற்றால் நீளம் கூட்டவும் கொக்கி மாற்றவும் அங்கேயே ஆள் இருக்கும். ஈராண்டுக்கு ஒருமுறை கொச்சியில் நடக்கும் பினாலே கலைக்காட்சி மாதங்களில் இப்படிப்பட்டவர்களைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

3. மாலையை இரு கையிலும் பிடித்து லேசாக இழுங்கள். மணிகளுக்கு நடுவே நூல் தெரிகிறதா? தளர்ந்த கோவை அது. மணி ஆடி ஆடி, துளையின் விளிம்பு நூலை அறுத்துவிடும். மணித்துளையை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அந்த மாலை வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

4. முத்துமாலை என்றால் முத்துக்கு முத்து முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பழகிய கை இதைச் செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். முத்தைக் கோத்து, நூலில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குள் ஊசியை நுழைத்து, ஊசியாலேயே முடிச்சை முத்தின் வாய்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே இறுக்கிவிட்டு ஊசியை உருவுவார்கள். பிறகு அடுத்த முத்து. 6 மில்லிமீட்டர் முத்தில் 18 அங்குல மாலைக்குச் சுமார் 70 முத்து வேண்டும், கிட்டத்தட்ட அத்தனை முடிச்சும் வேண்டும். நூல் அறுந்தாலும் ஒரு முத்து மட்டும் விழும், முத்தோடு முத்து உரசித் தேயவும் தேயாது. முடிச்சுப் போட்ட மாலைக்கும் போடாத மாலைக்கும் விலை வித்தியாசம் இதனால்தான். இதில் பேரம் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

5. வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து, சிவப்பு, நீல மணிகளை ஒரு தேய்ப்புத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வியர்வையில் உங்கள் ரவிக்கையிலும் ஒட்டும். முத்தைப் பல்விளிம்பில் மெல்ல உரசினால் நிஜ முத்து நறநறக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு உரசுங்கள். கல்மணி கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும். கண்ணாடியும் அப்படித்தான், அதனால் இதை மட்டும் நம்பிக் கல் என்று காசு கொடுக்க வேண்டாம்.

6. யானைத்தந்த மணி, புலிநகப் பதக்கம் என்று யார் எங்கே நீட்டினாலும் தொடாதீர்கள். வாங்குபவர்மீதும் வழக்கு வரும். கடலோரங்களில் விற்கும் பவழப்பாறைத் துண்டும் அதே கணக்குதான். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அது 2001-ல் சேர்ந்துவிட்டது.

7. விதைமணி மாலைகள் கேரளத்தில் அழகழகாகக் கிடைக்கும். முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி, அதாவது குண்டுமணி. அந்நாளில் பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாகக் கிடந்த அதேதான். குன்றிமணிக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதையை விழுங்கினால் தோல் காக்கும், துளைபோட்ட விதையில் அந்தக் காப்பு இல்லை. கைக்குழந்தையும் தவழும் பிள்ளையும் உள்ள வீட்டில் அந்த மாலை வேண்டவே வேண்டாம். வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

8. பவுடர், சென்ட், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடிந்தபின் கடைசியாக மாலை. கழற்றும்போது அதுதான் முதலில்.

9. கர்க்கடக மாதம், நம் ஆடி, மணிப்பெட்டிக்குச் சோதனைக் காலம். கடல்காற்றின் உப்பு ஒரு பக்கம், விடாத ஈரம் ஒரு பக்கம். எங்கள் ஏலூர் மாதிரி ஆலைகள் நிறைந்த ஊரில் காற்றும் வெள்ளிக்குத் தோழி அல்ல. வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். ரப்பர் பேண்டிலும் கம்பளித் துணியிலும்கூடக் கந்தகம் உண்டு, ஆகவே வெள்ளியை அவற்றோடு வைக்காதீர்கள். ஒவ்வொரு நகையையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். பெட்டிக்குள் இரண்டு சாக்பீஸ், அல்லது மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம். முத்துக்கு மட்டும் கவர் ஆகாது. அது காற்றாடப் பருத்தித் துணியில் இருக்கட்டும்.

10. கறுத்த வெள்ளிச் சங்கிலிக்கு: கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, நகை தாளைத் தொடும்படி சில நிமிடம் வையுங்கள். கறுப்பு அலுமினியத்துக்குப் போய்விடும். முத்து, பவழம், ஒட்டவைத்த கல், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு இருந்தால் இதைச் செய்யக் கூடாது.

11. முத்துக்கும் பவழத்துக்கும் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் ஆகாது. இரண்டும் சுண்ணாம்பு வகை, புளிப்பு பட்டால் கரையும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். நூல் நனைந்துவிட்டால் மாலையைத் தொங்கவிடாமல் துண்டின்மேல் படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஈரநூல் பாரத்தில் நீளும்.

12. அடிக்கடி போடும் முத்துமாலையை வருடம் ஒருமுறை புதுநூலில் கோத்துக்கொள்வது நல்லது. நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தால் வருடம் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே கோப்பதானால், வெட்டுமுன் மாலையை ஒரு போட்டோ எடுங்கள், மணி வரிசை மறக்காது. தடித்த டர்க்கி டவலை மடித்து, மடிப்புப் பள்ளத்தில் மணிகளை அடுக்கினால் உருளாது. இரட்டை நூலில் முடிச்சோடு கோக்க, மாலை நீளத்தைப் போல ஐந்து மடங்கு நூல் எடுங்கள். மிஞ்சினால் வெட்டலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. நூல்முனையில் கொஞ்சம் நகப்பூச்சு தடவிக் காயவிட்டால் ஊசி இல்லாமலே துளைக்குள் போகும். எறணாகுளம் பிராட்வே, சென்னைப் பாரிமுனை ஃபேன்சி கடைகளில் நூலும் கொக்கியும் மலிவு. பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்களிடம் கொடுத்தாலும் நிமிடத்தில் கோத்துத் தருவார்கள். அந்த வேகம் நமக்கு வராது.

13. வாங்கும்போதே அதே மணியில் இரண்டு மூன்று உபரியாகக் கேட்டு வாங்கி, கொக்கி ஒன்றோடு அதே கவரில் போட்டுவையுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது.

14. வீட்டில் மாலை அறுந்து சிதறினால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். மின்விசிறியையும் விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள். ஒவ்வொரு மணிக்கும் நீளமாக ஒரு நிழல் விழும், கட்டிலுக்கடியில் ஓடியதும் அகப்படும்.