வீட்டுக்கு சோலார்: பேனலுக்கு முன்னாடி, போடுற ஆளைப் பாருங்க

பொங்கலுக்கு (2026) இலத்தூர் போயிருந்தப்ப சித்தப்பா ஒரு பேப்பரை நீட்டினார். சோலார் கொட்டேஷன். 5 கிலோவாட், மொத்தம் 3,20,000 ரூபாய். மானியம் 78,000 போக 2,42,000. 90 சதவீதம் அட்வான்ஸ். "ஈ.பி. வேலை எல்லாம் அவனே முடிச்சுத் தாரேன்னு சொல்லுதான்ல" என்றார்.

ஆனா கடன் எடுக்கப்போறது சித்தப்பா இல்ல. சென்னையில வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷமான அவர் பையன். 14 சதவீத பர்சனல் லோனுக்கு பேங்க்ல பேசியே வெச்சுட்டான். உங்கள்ல நிறைய பேர் இந்தப் பையனோட இடத்துலதான் இருப்பீங்க. அதனால இந்த ஒரு பேப்பரை மட்டும் சேர்ந்து படிப்போம்.

முதல்ல 5 கிலோவாட். சித்தப்பா வீட்டுல ரெண்டு மாசத்துக்கு சுமார் 520 யூனிட் ஓடுது. பில் 2,250 ரூபாய் பக்கம். நம்ம ஊர் வெயில்ல 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியா 4 யூனிட் தரும். அப்போ 2 கிலோவாட் போட்டாலே ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். சாரல் காலத்துல மேகம் மூடி உற்பத்தி குறையும்தான். ஆனா முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம்ங்கிறதால 420 வந்தாலே போதும். 500 யூனிட்டைத் தாண்டினா 101–200க்கான சலுகை விலையும் சேர்ந்து போயிடும். அந்தக் கோட்டுக்குக் கீழ இறங்குறதுதான் இங்க பெரிய லாபம்.

பிறகு ஏன் 5? அவருக்கு விற்பனை, அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000, அதோட நின்னுடும். 3 போட்டாலும் 5 போட்டாலும் 78,000தான். கடைசி 2 கிலோவாட்டுக்கு நீங்க முழு விலை கொடுக்குறீங்க. மிஞ்சுற யூனிட்டுக்கு நீங்க கட்டுற ஸ்லாப் விலை திரும்பக் கிடைக்கவும் செய்யாது.

அடுத்தது ஜி.எஸ்.டி. (இதைப் பார்க்காம என்னால எந்தப் பேப்பரையும் மடிக்க முடியாது, தொழில் வியாதி.) சோலார் வேலையில 70 சதவீதத்தைப் பொருளாவும் 30 சதவீதத்தை சேவையாவும் எடுத்துக்கணும். 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கான வரி 12லேர்ந்து 5 ஆயிடுச்சு. சேவைக்கு 18 அப்படியே. ஆக மொத்த வரி 13.8லேர்ந்து 8.9 சதவீதமா இறங்கணும். சித்தப்பா பேப்பர்ல பழைய 13.8 அப்படியே இருந்துச்சு. கிட்டத்தட்ட 13,800 ரூபாய் வித்தியாசம். மறதியா இருக்கலாம். ஆனா மறதி எப்பவும் நம்ம பக்கம் சாயுறதில்ல.

பேனல் வரியில வாட் மட்டும் இருந்துச்சு. கம்பெனி, மாடல் எதுவும் இல்ல. மானியம் வேணும்னா பேனலும் அதுக்குள்ள இருக்குற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். டி.சி.ஆர். பேனல்னு கேளுங்க. மத்தது விலை குறைவு, அதனால இங்கதான் மாத்துவாங்க. கொட்டேஷன்லயே டி.சி.ஆர்.னு எழுதி வாங்குங்க. பேனல் இறங்கின அன்னைக்கே சீரியல் நம்பரை போட்டோ எடுத்துடுங்க. "25 வருஷ வாரண்டி"ன்னா அது பெரும்பாலும் உற்பத்தித் திறனுக்கு மட்டும். பொருள் வாரண்டி எத்தனை வருஷம், இன்வெர்ட்டருக்கு எத்தனைன்னு தனித்தனியா கேட்கணும்.

தென்காசி பக்கம் இன்னொண்ணு, காத்து. ஆரியங்காவு கணவாய் வழியா ஆனி, ஆடியில அடிக்கிற காத்தை நம்பித்தான் இந்த மாவட்டத்துல இத்தனை காத்தாடி நிக்குது. அந்தக் காத்துதான் மொட்டைமாடியிலயும் அடிக்கும். ஸ்டாண்ட் எவ்வளவு காத்து வேகத்துக்கு டிசைன் பண்ணது, கால்வனைஸ் பண்ண இரும்பா, இல்ல பெயிண்ட் அடிச்சதா? சித்தப்பா பேப்பர்ல "ஸ்ட்ரக்சர் – 1 செட்". முடிஞ்சுது.

நான் அந்த சோலார்காரருக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "கரண்ட் போனா இது ஓடுமா?" "கண்டிப்பா ஓடும் சார்." பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சிஸ்டம் லைன்ல கரண்ட் போனதும் தானா நின்னுடும். கம்பத்துல வேலை செய்யுறவங்களுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு வெச்ச பாதுகாப்பு அது. இதுலயே பொய் சொல்றவர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்க மனசு வரல.

தேசிய போர்ட்டல்ல பதிவான வெண்டர் பட்டியல் இருக்கு. இவர் பேர் அதுல இல்ல, வேற ஒருத்தரோட பதிவுல வேலை எடுக்குறார். பதிவுல இருக்குற பேர், பில்லுல வர்ற பேர், பணம் போற அக்கவுண்ட் பேர் மூணும் ஒண்ணா இருக்கணும். அஞ்சு வருஷப் பராமரிப்புக்குப் பொறுப்பு ஏத்துக்கிறவரும் அவராத்தான் இருக்கணும். பணத்தைப் பிரிச்சுக் கொடுங்க. ஆரம்பத்துல 20–30 சதவீதம், பொருள் இறங்கினதும் பெரும்பகுதி, நெட் மீட்டர் மாட்டி ஓட ஆரம்பிச்ச பிறகு கடைசி 10. மானியம் நேரா உங்க பேங்க் கணக்குக்குத்தான் வரும். "கழிச்சுக்கிறேன்"னு யாராவது சொன்னா, எதுலேர்ந்துன்னு கேளுங்க.

கடன்ல தம்பி தப்பிச்சான். 3 கிலோவாட் வரைக்கும் இந்தத் திட்டத்துக்குன்னே அரசு வங்கிகள் அடமானம் இல்லாம கடன் தருது. திட்டம் அறிவிச்சப்ப வட்டி 7 சதவீதம் பக்கம். 14க்கு எதுக்குப் போகணும்? வருமான வரியில இதுக்குக் கழிவு எதுவும் கிடையாது, 80சி கனவு வேண்டாம்.

இன்னும் ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினோம். கடைசியில 2 கிலோவாட், 1,40,000 ரூபாய். மானியம் 60,000 போக 80,000. வருஷத்துக்கு 13,000 ரூபாய் பில் மிச்சமானா ஆறு வருஷம் பக்கம்.

இன்னும் வேலை ஆரம்பிக்கல. ஈ.பி. கனெக்‌ஷன் இறந்துபோன தாத்தா பேர்லயே இருக்கு, மானியம் வர வேண்டிய பேங்க் கணக்கோ சித்தப்பா பேர்ல. பேர் மாத்த மனு கொடுத்திருக்கோம். அது கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸ் கிடையாதுன்னு புது வெண்டர்கிட்ட சொன்னோம். "அதுதான் சார் சரி, நானும் அதுக்கு முன்னாடி வாங்க மாட்டேன்"னார்.