பொலிஸ் கையில் ஒரு இரவு இருந்த போன்: யாங்கூனில் இருந்து ஒரு பாடம்

மியன்மாரில் இருந்து வந்த சில தமிழ்க் குடும்பங்களும் இப்போது எங்கள் ஆலோசனை நாட்களுக்கு வருகிறார்கள். வீட்டைப் பற்றியும் காசைப் பற்றியும் கேட்பதற்கு முன்னரே அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என் போன் ஒரு ராத்திரி போலீஸ்கிட்ட இருந்துச்சு. இப்ப இதை வச்சுக்கலாமா?" நல்ல கேள்வி. இலங்கையில் இருந்து வந்தவர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும் என்பதால் இந்த இதழில் அதையே பாடமாக எடுக்கிறோம்.

முதலில் யாங்கூனில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2014-ஆம் ஆண்டு வெளிநாட்டுக் கம்பனிகள் வந்து 1,500 சாட்டுக்கு சிம் விற்கத் தொடங்கும் வரை, அந்த நாட்டில் சிம் என்பது வசதியானவர்களுக்கு மட்டும் கிடைத்த பொருள். பிறகு ஒரு சில வருடங்களில் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. பலருக்கு இன்டர்நெட் என்றால் பேஸ்புக், பேஸ்புக் என்றால் இன்டர்நெட். 2021 பெப்ரவரி 1-ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பெப்ரவரி 4-ஆம் திகதியே பேஸ்புக் முடக்கப்பட்டது. அதே மாதம் தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பயத்தை உண்டாக்கும் கருத்து, பொய்ச் செய்தி என்று சொல்லி மூன்று வருடம் வரை சிறையில் போடலாம். அதன்பின் தெருவில் மறித்து, "போனைத் திற" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

நம்மில் பலருக்கு சென்றியைத் தெரியும். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். பையில் இருந்தது உங்களுடைய சாமான் மட்டும்தான். போனுக்குள்ளோ உங்கள் அண்ணன், மச்சாள், பள்ளிக்கூட நண்பன், கோயில் குழு எல்லோரும் இருக்கிறார்கள். உங்கள் போன் திறந்தால் அவர்களுடைய கதவும் திறக்கிறது. இந்த வித்தியாசம் விளங்கினால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

போனைக் கையால் புரட்டிப் பார்ப்பது ஒரு வகை. கருவி போட்டு எடுப்பது இன்னொரு வகை. ரொய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், சோ சோ ஊ இருவரும் 2017 டிசம்பர் 12-ஆம் திகதி யாங்கூனில் கைது செய்யப்பட்டார்கள். இன் டின் கிராமத்தில் பத்து ரோஹிங்யா ஆண்கள் கொல்லப்பட்டதைப் பற்றி அவர்கள் செய்தி திரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய போன்களில் இருந்து எடுத்தவை வழக்கில் நீதிமன்றத்தில் காட்டப்பட்டன. செலிபிரைட் என்ற இஸ்ரேலியக் கம்பனியின் கருவி அதற்குப் பயன்பட்டது என்று 2019-இல் பத்திரிகைகள் எழுதின. ஏழு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 500 நாட்களுக்கு மேல் உள்ளே இருந்து, 2019 மே 7-இல் வெளியே வந்தார்கள். இப்படியான கருவியின் கையில் போன் போனால், நீங்கள் அழித்த சில விஷயங்களும் திரும்ப வரக்கூடும். ஆகவே "நான் எல்லாத்தையும் டிலீட் பண்ணிட்டேன்" என்பதை முழுப் பாதுகாப்பாக நினைக்க வேண்டாம்.

சரி, போன் திரும்பக் கிடைத்துவிட்டது, நீங்களும் இங்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள். இனி என்ன செய்வது?

உடனே எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கடைக்காரர் "ரீசெட் அடிச்சால் புதுசு மாதிரி" என்று சொல்லுவார். அவருக்கு அது சரிதான். ஆனால் உங்களுக்கு வந்த மிரட்டல் செய்தி, வீட்டுக்கு ஆட்கள் வந்ததாக அம்மா அனுப்பிய குரல் பதிவு, ஊர்வலத்தில் எடுத்த படம், வந்த பாதையின் தடயம் எல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருக்கின்றன. உங்கள் தஞ்ச விண்ணப்பத்துக்கு அவை சாட்சி. நேர்காணலில் "ஏன் அழித்தீர்கள்?" என்ற கேள்வி வந்தால் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். சட்டத்தரணியிடம் காட்டும்வரை அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு உரையாடலையும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைவிட அது நல்லது. திகதி, நேரம் எல்லாம் வரிசையாக வரும். ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள், அனுப்பியவரின் இலக்கம் தெரியும்படி. செய்திகள் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் அந்த உரையாடலை இன்றைக்கே சேமியுங்கள், நாளைக்கு இருக்காது.

சாட்சியைக் காப்பாற்றிய பிறகு பூட்டுகளை மாற்றுவோம். சந்தேகமான போனில் இருந்தே கடவுச்சொல்லை மாற்றக்கூடாது. கள்ளனுக்கு முன்னால் நின்று புதுச் சாவி வெட்டுவது போல ஆகிவிடும். நம்பிக்கையான வேறு போனிலோ, எங்கள் அலுவலகக் கணினியிலோ செய்யுங்கள். முதலில் மின்னஞ்சல். ஏனென்றால் பேஸ்புக், வங்கி எல்லாவற்றினதும் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போனால் எந்தெந்தக் கருவிகள் உங்கள் கணக்கில் நுழைந்திருக்கின்றன என்று காட்டும். தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். ஜிமெயில் அமைப்புகளில் உங்கள் கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும்படி யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும்.

இங்கே ஏஜெண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலருக்கு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்ததே பயண ஏஜெண்ட்தான். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், மீட்பு இலக்கமும் அவருடையது. அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு உங்களுடையதல்ல. புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அந்த முகவரியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். பழையதில் முக்கியமான கடிதங்கள் இருந்தால் முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். போன் ஒரு நிமிடம் கையில் இருந்தாலே போதும், வேறொரு கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பை இணைத்துவிடலாம். பிறகு நீங்கள் எழுதுவதெல்லாம் அங்கேயும் தெரியும். நான் பார்த்த அளவில் ஆட்கள் அதிகம் கவனிக்காத ஓட்டை இதுதான். தெரியாதது இருந்தால் வெளியேற்றிவிட்டு, இரட்டைச் சரிபார்ப்பில் ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போடுங்கள். பிறந்த வருடத்தைப் போட வேண்டாம். வேறு யாராவது உங்கள் கணக்கையே பிடித்துவிட்டால், உங்கள் இலக்கத்தைப் போட்டுத் திரும்பப் பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கத்தைப் போட்டவுடன் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் முந்திக்கொண்டு பின் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரிடும். அந்த நாட்களில் உங்கள் பெயரில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று உறவுகளுக்குப் போன் எடுத்தே சொல்லிவிடுங்கள்.

அந்த எஸ்எம்எஸ் எந்த இலக்கத்துக்கு வருகிறது? பலருக்கு இன்னும் மியன்மார் இலக்கம்தான். அந்த சிம்முக்குக் காசு போடாமல் விட்டால் அது செத்துப்போகும். பிறகு அதே இலக்கம் வேறு ஒருவருக்குப் போகலாம். உங்கள் கணக்குகளின் சாவி அவர் கைக்குப் போகும். இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே மைடெல் கம்பனி இராணுவத்தோடு தொடர்புடையது. நோர்வேயின் டெலினோர் கம்பனி, உளவு பார்க்கும் கருவியை இயக்கச் சொல்லி வந்த நெருக்கடியைக் காரணமாகச் சொல்லி 2022 மார்ச்சில் விற்றுவிட்டுப் போனது. இப்போது அதற்கு ஆட்டம் என்று பெயர். எஸ்எம்எஸ் கம்பனிக்குத் திறந்த தபாலட்டை மாதிரி. ஆகவே இங்கே சிம் எடுத்தவுடன் வாட்ஸ்அப்பின் இலக்கத்தை மாற்றும் வசதியால் புது இலக்கத்துக்கு மாறுங்கள். மின்னஞ்சலின் மீட்பு இலக்கத்தையும் மாற்றுங்கள். பழைய சிம்மை எறிய வேண்டாம், எடுத்து வையுங்கள்.

போனுக்குள் நீங்கள் போடாத செயலி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அண்ட்ரொய்ட் போனில் பிளே ஸ்டோருக்குள் பிளே புரொடெக்ட் சோதனை இருக்கிறது. *#21# அழுத்தினால் உங்கள் அழைப்புகள் வேறு இலக்கத்துக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும், ##002# அதை நீக்கும். இதெல்லாம் செய்தும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், சட்டத்தரணி சரி என்ற பிறகு முழு ரீசெட் செய்யலாம். படங்களையும் தொடர்புகளையும் மட்டும் திரும்பப் போடுங்கள், பழைய செயலிகளை அப்படியே கொண்டுவர வேண்டாம். கருவி போட்டு உளவுச் செயலி ஏற்றியிருப்பார்கள் என்று உறுதியான சந்தேகம் இருந்தால், போனை அணைத்துச் சாட்சியாக வைத்துக்கொண்டு, மலிவான வேறு போன் ஒன்றைப் பாவிப்பதுதான் நல்லது. பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இனி அங்கே இருக்கும் சொந்தக்காரரை நினைப்போம். நீங்கள் இங்கே பத்திரமாக இருந்துகொண்டு கோபத்தில் அனுப்பும் ஒரு படம், யாங்கூனில் தம்பி வேலைக்குப் போகும் வழியில் அவன் போனில் இருக்கும். அரசியல் செய்திகளை அவனுக்கு அனுப்ப வேண்டாம். குழுவில் அவன் பெயர் வேண்டாம். உங்கள் உரையாடலில் மறையும் செய்தியை 24 மணித்தியாலத்துக்குப் போடுங்கள். (மிரட்டலைப் பற்றி அவன் எழுதினால் நீங்கள் உடனே சேமித்துவிடுங்கள்.) "வீ.பி.என். போடு" என்று இங்கிருந்து புத்தி சொல்லாதீர்கள். 2024 மே மாதக் கடைசியில் இருந்து அவற்றை முடக்கத் தொடங்கினார்கள், போனில் அது இருக்கிறதா என்று தெருவிலேயே தேடினார்கள். அனுமதியில்லாமல் வீ.பி.என். சேவை நடத்துவதைக் குற்றமாக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025 ஜூலை 30-இல் நடைமுறைக்கு வந்தது. எதைப் போடுவது, எதை அழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தத் தெருவில் நடப்பவர்.

இந்த நாட்டு அதிகாரிகள் போனைக் கேட்டால் மறைக்கவோ உடைக்கவோ வேண்டாம். என்ன சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள், சட்டத்தரணிக்கு உடனே சொல்லுங்கள். பிரித்தானியாவில் 2020-இல் படகில் வந்தவர்களின் போன்களை மொத்தமாகப் பறித்ததை, அது சட்டவிரோதம் என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை வென்றவர்களும் உங்களைப் போலத் தஞ்சம் கேட்டு வந்தவர்கள்தான். போனைக் கொடுக்க முன்னர் சட்டத்தரணியின் இலக்கத்தையும் ஒரு உறவினரின் இலக்கத்தையும் கடதாசியில் எழுதி வைத்திருங்கள். *#06# அழுத்தினால் வரும் பதினைந்து இலக்கத்தையும் அதே கடதாசியில் எழுதுங்கள். திருப்பித் தருவது உங்கள் போன்தானா என்று பார்க்க அது உதவும்.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் ஆலோசனை நாளில் வாருங்கள், பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் செய்யலாம். கடவுச்சொல்லை எங்களுக்கும் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். வரும்போது சார்ஜரையும் பழைய சிம்மையும் கொண்டு வாருங்கள்.