டிராக்டரின் பின்புற எண்ணெய்

எஞ்சின் எண்ணெயை மாற்ற நாம் மறப்பதில்லை. ஆனால் இருக்கைக்குக் கீழே, பின்புறப் பெட்டியில் உள்ள எண்ணெயை நம்மில் பலர் நினைப்பதேயில்லை. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் இந்த ஓர் எண்ணெயே பல்சக்கரங்களைத் தேயாமல் காக்கிறது. ஹைட்ராலிக் பம்பின் அழுத்தத்தால் கலப்பையையும் தூக்குகிறது. எண்ணெயில் மூழ்கிய பிரேக்குகளின் சூட்டைத் தணிப்பதும் இதுவே.

இவ்வெண்ணெய்க்குப் பெரும்பகை நீர். சேற்றுழவின்போது தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும், காற்றுத் துளை வழியாகவும் நீர் புகும். பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டியினுள் காற்றின் ஈரமும் துளிகளாகப் படியும். நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுக்கும். அதனைக் கவனியாது விட்டால் பல்சக்கரங்கள் துருப்பிடிக்கும், பம்பும் தேயும்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சிறிது ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பானதும் சமதரையில் நிறுத்துக. கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். தூக்கிய கருவியின் கீழ் எவரும் செல்லலாகாது.

2. திறக்குமுன் பின்புறச் சேற்றையும் வைக்கோலையும் தூரிகையாலும் துணியாலும் அகற்றுக. சீல்களின்மேல் நீரைப் பீய்ச்சி அடித்தல் கூடாது.

3. டிரெயின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை முற்றும் வடிக்க வேண்டும். பிளக்கில் காந்தமிருப்பின் அதனைப் பார்க்க. மைபோன்ற நுண்துகள் இயல்பே. இரும்புச் சில்லுகள் காணின் மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியை ஓட்டலாகாது.

4. கம்பிவலை வடிகட்டியை டீசலில் கழுவி, உலர்த்தி மாட்டலாம். காகித வடிகட்டியாயின் புதியதே வேண்டும். துடைப்பதற்கு நூல் உதிராத துணியே ஏற்றது; பஞ்சு உள்ளே சென்றால் வடிகட்டி அடைபடும்.

5. கையேடு கூறும் எண்ணெயையே, கூறிய அளவில் ஊற்றுக. எஞ்சினை இயக்கி, தூக்குகைகளை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கியபின் எஞ்சினை அணைத்து, அளவுக் கம்பியில் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

புதிய எண்ணெயும் சில நாட்களில் வெளுத்தால், நீர் புகும் வழி அடைபடவில்லை என்பதே பொருள். அவ்வழியை அடைக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுதல் பெருந்தீங்கு. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அது அபாயக் கழிவாகும். மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துவைத்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரைச் சேருமாறு ஒப்படைத்தல் நம் கடமை.

உழவு முடிந்ததும் காளையைக் குளிப்பாட்டித் தீனியிட்ட மரபு நம்முடையது. இயந்திரத்திற்கும் அத்தகைய கவனிப்பே தேவை.